பற்றவைக்கும் நேரத்துப் புகைக்கும் கணக்கு வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சிறிய குப்பை எரியுலைகள் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சின்ன உலைதானே, விதிகளைக் கொஞ்சம் தளர்த்தினால் என்ன என்ற கருத்து அதில் இருந்தது. கொதிகலன் அறையில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். என்னால் இதை ஏற்க முடியவில்லை.

பெரிய உலை வாரக்கணக்கில் அணையாமல் எரியும். சிறிய உலைகள் பலவற்றைக் காலையில் பற்றவைத்து, குப்பை தீர்ந்ததும் அணைத்துவிடுவார்கள். சிக்கலே அங்கேதான். எரிந்த வாயு 850 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத சூட்டில் 2 விநாடியாவது இருந்தால்தான் டையாக்சின் போன்ற நச்சுகள் சிதையும். பற்றவைக்கும்போதும் அணைக்கும்போதும் அந்தச் சூடு இருக்காது. ஈரக் குப்பையை மொத்தமாக அள்ளிப் போட்டாலும் சூடு இறங்கிவிடும். அப்புறம், நன்றாக எரிந்த வாயுகூட 450 டிகிரியிலிருந்து 200 டிகிரிக்கு மெதுவாக ஆறினால், தூசியின் மேல் டையாக்சின் மறுபடி உருவாகும். வாயுவைச் சட்டென்று குளிரவைப்பதும், நச்சை உறிஞ்சக் கரித்தூள் தூவுவதும், தூசியைப் பிடிக்கத் துணிப் பை வடிகட்டி வைப்பதும் இதற்காகத்தான். புகையின் நிறத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. டையாக்சின் கண்ணுக்குத் தெரியாது.

இந்த நேரத்தில் வரும் புகையைத்தான் சட்டம் விட்டுவிடுகிறது. அமெரிக்காவில் நாளுக்கு 35 முதல் 250 டன் வரை எரிக்கும் உலைகளுக்கு 2000இல் வந்த விதியே, பற்றவைக்கும் நேரத்துக்கும் அணைக்கும் நேரத்துக்கும் புகை வரம்பிலிருந்து விலக்குக் கொடுத்தது. எப்போதோ ஒருமுறை அணையும் உலைக்கு அது சரி. தினமும் அணையும் உலைக்கு அதே விலக்கைக் கொடுத்தால், மோசமான புகை அத்தனையும் கணக்கில் வராமலே போய்விடும்.

வரம்பும் உலையின் அளவைப் பொறுத்து மாறுகிறது. ஜப்பானில் மணிக்கு 4 டன்னோ அதற்கு மேலோ எரிக்கும் புதிய உலையின் புகையில், கனமீட்டருக்கு 0.1 நானோகிராம் (ஒரு நானோகிராம் என்பது கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு) டையாக்சின்தான் இருக்கலாம். மணிக்கு 2 டன்னுக்குக் குறைவாக எரிக்கும் புதிய உலைக்கு 5 நானோகிராம், அதாவது 50 மடங்கு. அதே ஜப்பான் 1997க்கும் 2003க்கும் இடையில் மொத்த டையாக்சின் வெளியேற்றத்தை 90 சதவீதத்துக்கும் மேல் குறைத்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். விதிகளை இறுக்கியதும், ஏராளமான சிறு உலைகளை மூடியதும் அதற்குப் பெரிய காரணம்.

பரிசோதனையும் எனக்குத் திருப்தி தரவில்லை. டையாக்சினுக்குச் சில மணி நேரம் புகையைச் சேகரித்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அதனால் வருடத்துக்கு ஒன்றிரண்டு முறைதான் நடக்கும். நாள் முன்கூட்டியே தெரிந்தால் அன்றைக்குக் காய்ந்த குப்பையாகப் பொறுக்கிப் போடுவார்கள். கொதிகலன் சோதனைக்கு நாங்களே ஒரு வாரம் முன்னாலிருந்து எல்லாவற்றையும் துடைத்து வைப்போம். சொல்லாமல் வந்து, வழக்கமாக விழும் குப்பையை வைத்தே சோதிக்க வேண்டும்.

உலையின் சூடும், புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடும் நிமிடத்துக்கு நிமிடம் பதிவாக வேண்டும். எரிப்பு கெட்டுப்போனால் முதலில் ஏறுவது கார்பன் மோனாக்சைடுதான். அந்தப் பதிவு பற்றவைக்கும் நேரத்தையும் சேர்த்து உலையின் வாசலிலேயே எல்லோருக்கும் தெரிய வேண்டும். எண்ணெயிலோ எரிவாயுவிலோ எரியும் துணை பர்னரால் 850 டிகிரி வரும்வரை குப்பை போடும் கதவு தானாகப் பூட்டியிருக்க வேண்டும். இதெல்லாம் புதிய கண்டுபிடிப்புகள் இல்லை, பெரிய உலைகளில் இருப்பவைதான்.

செலவு அதிகம் என்பார்கள். பை வடிகட்டி வாங்க வசதியில்லாத நகராட்சி உலை வாங்க வேண்டாம். அந்தப் பணத்தில் ஈரக் குப்பையைத் தனியாகப் பிரித்து உரமாக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கொதிகலன் இயக்குநர் ஒருவர்