ஆண்டறிக்கை: காயில் வீச்சுப் பயிற்சியும் இவ்வாண்டின் களப்பணியும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். மெட்டல் டிடெக்டர் கொண்டு நிலத்தில் புதைந்துள்ள உலோகப் பொருள்களைத் தேடும் நம் சங்கத்தின் ஆண்டறிக்கையைச் செயலாளர் என்ற முறையில் உங்கள் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வைக்க இருப்பதால், இவ்வறிக்கை ஆண்டு முழுவதும் நாம் முதன்மையாக எடுத்துக்கொண்ட பணியைப் பற்றியே பேசும்.

கடந்த பொதுக்குழுவில் உறுப்பினர் பலரும் ஒரே குறையை வெவ்வேறு விதமாக எழுப்பினர். ஒரே நிலத்தில் ஒரே வகை டிடெக்டரைக் கொண்டு தேடினாலும் சிலருக்கு ஆழத்தில் கிடக்கும் காசுகள் அகப்படுகின்றன, மற்றவர்களுக்கு மேல்மண்ணில் உள்ள புட்டி மூடிகளும் தகரத் துண்டுகளும்தான் அகப்படுகின்றன என்பதே அந்தக் குறை. புதிய கருவிகள் வாங்குவது பற்றிய பேச்சு அப்போது எழுந்தது. ஆனால் கருவியை மாற்றுவதற்கு முன் கையசைவைத் திருத்துவோம் என்று செயற்குழு முடிவு செய்து, இவ்வாண்டின் பயிற்சி நாட்களை, காயிலை, அதாவது டிடெக்டர் தண்டின் அடிமுனையிலுள்ள தட்டையான உணர்சுருளை, தரைக்கு மேலே இடவலமாக வீசும் முறைக்கே ஒதுக்கியது. அந்த முடிவு சரியானது என்பதில் எனக்கு ஐயமில்லை.

பயிற்சிக்கெனத் தனித் தடம் ஒன்றை அமைத்தோம். பத்து, பதினைந்து, இருபது சென்டிமீட்டர் ஆழங்களில் ஒரே வகைக் காசுகளைப் புதைத்து, தடத்தின் இருபுறமும் கயிறு கட்டி, ஒவ்வோர் ஆழத்திலும் ஒரு காசைத் தடத்தின் நடுவிலும் இன்னொன்றைக் கயிற்றோரத்திலும் வைத்தோம். முதல் நாளிலேயே குறை வெளிப்பட்டுவிட்டது. பல ஆண்டு அனுபவமுள்ள உறுப்பினர் ஒருவர் வீசியபோது, வீச்சின் நடுவில் காயில் புல்நுனியை உரசிக்கொண்டு சென்றது. வலப்பக்க முனையை நெருங்கியதும் அவருடைய மணிக்கட்டு திரும்பி, காயிலின் வெளிவிளிம்பு ஒரு கையகலம் மேலே எழுந்தது. இருபது சென்டிமீட்டர் ஆழத்தில் நடுவில் இருந்த காசு ஹெட்போனில் தெளிவாகக் கேட்டது. அதே ஆழத்தில் ஓரத்தில் இருந்த காசு கேட்கவே இல்லை. ஊசல் வீச்சு என்று நாம் சொல்லும் இந்தப் பழக்கம் ஏறத்தாழ எல்லோரிடமும் ஏதோ ஓர் அளவில் இருந்தது.

இதனால் ஏற்படும் இழப்பு எவ்வளவு என்பதைக் கணக்கிட்டே காட்டலாம். காயில் அனுப்பும் காந்தப்புலம் தொலைவு கூடக்கூட வேகமாக மெலிகிறது. காசிலிருந்து திரும்பி வரும் எதிர்வினையும் அதே விகிதத்தில் மெலிகிறது. ஆகவே இழப்பு இரண்டு முறை நேர்கிறது. காயிலின் அளவோடு ஒப்பிட மிகத் தொலைவில் உள்ள சிறு பொருளுக்கு, தொலைவு இரட்டித்தால் சிக்னல் அறுபத்து நான்கில் ஒரு பங்காகக் குறையும். நம்மிடையே பரவலாக உள்ள 28 செ.மீ. விட்டமுள்ள காயிலை எளிய வட்டச் சுருளாகக் கொண்டு கணக்கிட்டால், 20 செ.மீ. தொலைவிலுள்ள காசின் மேல் காயிலை வெறும் 4 செ.மீ. உயர்த்துவது சிக்னலைப் பாதிக்கும் கீழே இறக்கிவிடும்; 10 செ.மீ. உயர்த்தினால் ஆறில் ஒரு பங்குதான் மிஞ்சும். கருவியில் சென்சிடிவிட்டியை, அதாவது உணர்திறனை, எவ்வளவு கூட்டினாலும் இந்த இழப்பு ஈடாகாது, ஏனெனில் சிக்னலோடு சேர்ந்து மண்ணின் இரைச்சலும் கூடுகிறது.

மண்ணைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். இரும்புத் தாதுக்கள் நிறைந்த மண் தருகிற எதிர்வினை, ஆழத்தில் உள்ள ஒரு காசு தருவதைவிடப் பன்மடங்கு வலிமையானது. காயில் ஒரே உயரத்தில் செல்லும்வரை அந்த எதிர்வினை ஏறக்குறைய மாறாமல் இருக்கும். மெதுவாக மாறுவதை விலக்கி, சட்டென்று வந்து மறைவதை மட்டும் எடுத்துக்கொள்ளும்படியே கருவியின் வடிப்பான்கள் அமைக்கப்பட்டுள்ளன. காயில் ஏறி இறங்கினால் மண்ணின் எதிர்வினையும் ஏறி இறங்கி, காசு போன்ற பொய்யொலிகளைத் தருவதோடு உண்மையான ஒலியையும் மூடிவிடும். மண்ணின் எதிர்வினையை விலக்கும்படி கருவியைச் சரிப்படுத்தும் கிரவுண்ட் பேலன்ஸ் செய்யும்போது காயிலைத் தரைக்கு மேலே ஏற்றி இறக்கச் சொல்வதும் இதே காரணத்தால்தான்: உயர மாற்றத்துக்கு மண் எப்படி ஒலிக்கிறது என்பதைக் கருவிக்கு அப்போதுதான் காட்ட முடியும். அது முடிந்த பிறகு, தரையிலிருந்து ஒன்றிரண்டு சென்டிமீட்டர் உயரத்தில், தரைக்கு இணையாக, மோதாமல் காயிலைக் கொண்டுசெல்வது ஒன்றே நம் வேலை. சரிவான நிலத்தில் அந்த இணை சரிவோடு அமைய வேண்டும், அடிவானத்தோடு அல்ல.

திருத்தம் தோளிலும் இடுப்பிலும் தொடங்கியது. தண்டின் நீளத்தைச் சரிசெய்து, குனியாமல் நிமிர்ந்து நிற்கும்போதே காயில் பாதங்களுக்குச் சற்று முன்னே தட்டையாக அமையும்படி வைத்தோம். முழங்கை லேசாக மடிந்து தண்டிலுள்ள கைத்தாங்கிக்குள் பொருந்தியிருக்க, மணிக்கட்டைப் பூட்டிவைத்து, உடலை இடுப்பிலிருந்து திருப்பிக் காயிலை வில்வளைவாகக் கொண்டுசெல்லப் பழகினோம். வீச்சின் அகலத்தை ஏறத்தாழ 1.2 மீட்டருக்குள் நிறுத்திக்கொண்டவர்களிடம் முனைகள் எழுவது தானாகவே குறைந்தது. ஒன்றரைக் கிலோ எடையைத் தோளால் மட்டும் இழுத்து வீசி வலியோடு வீடு திரும்பிய மூத்த உறுப்பினர்களுக்கு இம்முறை பெரிய ஆறுதலாக இருந்தது என்பதை மகிழ்ச்சியோடு பதிவுசெய்கிறேன்.

வேகத்தைப் பொறுத்தவரை, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் செல்ல ஒன்றரை முதல் இரண்டு விநாடி என்பதைப் பொது அளவாகக் கொண்டோம். நம்மில் பெரும்பாலோர் பயன்படுத்தும் கருவிகள் காயில் நகர்ந்தால்தான் ஒலிப்பவை என்பதால், அளவுக்கு மீறி மெதுவாகச் செல்வதும் சிக்னலைத் தளர்த்தும். இருந்தாலும் நம்மிடம் காணப்படும் குறை பெரும்பாலும் அவசரம்தான். ஆணிகள் நிறைந்த இடத்தில் வேகமாக வீசினால், ஆணிக்கான ஒலி அடங்குவதற்குள் பக்கத்திலுள்ள காசைக் காயில் கடந்துவிடும். ஒரு காசின் இருபுறமும் துருப்பிடித்த ஆணிகளை வைத்து இதைச் சோதித்தோம். வேகத்தைப் பாதியாக்கியதும் அதுவரை இல்லாத காசு ஒலிக்கத் தொடங்கியபோது, கேட்டுக்கொண்டிருந்தவர்களின் முகத்தில் தெரிந்த வியப்பை மறக்க முடியாது.

வீச்சுகள் ஒன்றன்மேல் ஒன்று படிவதைப் பற்றி நாம் போதிய அக்கறை காட்டியதில்லை. ஒன்றுக்குள் ஒன்றாக வட்டச் சுருள்கள் அமைந்த கான்சென்ட்ரிக் காயிலின் உணர்பரப்பு ஆழத்தில் கூம்பாகக் குறுகிவிடுவதால், மேலே 28 செ.மீ. அகலமாகத் தெரிவது கீழே அதில் ஒரு சிறு பகுதியாகவே இருக்கும். D வடிவச் சுருள்கள் இரண்டு நடுவில் ஒன்றன்மேல் ஒன்று படியும் டிடி காயிலில் அது முன்னிருந்து பின்னாக ஒரு தகடுபோல நீள்வதால் நிலைமை சற்று மேல். எதுவாயினும், ஒரு வீச்சுக்கும் அடுத்ததற்கும் இடையே காயிலின் விட்டத்தில் பாதிக்கு மேல் முன்னேறக் கூடாது என்பதே நாம் ஏற்றுக்கொண்ட விதி. 28 செ.மீ. காயிலுக்கு அது 14 செ.மீ. ஆகும். சாதாரண நடையில், 60 செ.மீ. நீளமுள்ள ஒவ்வோர் எட்டுவைப்புக்கும் ஒரு வீச்சு வீதம் செல்பவர் தன் பாதையின் மேற்பரப்பிலேயே பாதிக்கும் குறைவான பகுதியைத்தான் தொடுகிறார். ஆழத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தேடி முடித்ததாக நாம் கைவிட்ட நிலங்களில் பலவற்றை மறுபடியும், கயிறு கட்டி, முதலில் ஒரு திசையிலும் பிறகு அதற்குக் குறுக்காகவும் தேட வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

ஒலி கேட்ட பிறகு செய்வதிலும் ஒழுங்கு தேவை. வீச்சின் முனையில் கேட்ட ஒலியை அங்கேயே வைத்து எடைபோடக் கூடாது. ஓரடி நகர்ந்து, அதை வீச்சின் நடுவுக்குக் கொண்டுவந்து, இருபுறமிருந்தும் ஒரே மாதிரி ஒலிக்கிறதா என்று பார்க்க வேண்டும். பின்னர் அந்த இடத்தைச் சுற்றி வந்து, செங்கோணத்தில் மீண்டும் வீச வேண்டும். ஒரு பக்கத்திலிருந்து நல்ல காசுபோல ஒலித்து, குறுக்கே வீசியதும் உடைந்து கரகரக்கும் ஒலி பெரும்பாலும் வளைந்த ஆணியாகவே இருக்கும். இரண்டு குறுக்கு வீச்சுகளும் வெட்டும் புள்ளியில்தான் பொருள் இருக்கும் என்பதால் தோண்டும் குழியும் சிறிதாகிறது. இசைவு தந்த நில உரிமையாளரின் புல்தரையைக் காப்பது குறுக்கு வீச்சிலிருந்தே தொடங்குகிறது என்பதை எல்லோரும் மனத்தில் கொள்ள வேண்டும்.

வேறு சில குறைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காயிலின் கம்பியைத் தண்டில் இறுகச் சுற்றாமல் தொங்கவிட்டால் ஒவ்வொரு வீச்சிலும் பொய்யொலி வரும். காயில் உறைக்குள் சேரும் கருமணலும் அவ்வாறே செய்யும். ஒரே அதிர்வெண்ணில் இயங்கும் இரண்டு கருவிகள் அருகருகே வந்தால் இரண்டும் குழம்பும். பத்து மீட்டருக்கு மேல் இடைவெளி விடுங்கள். இரும்பு முனை வைத்த காலணிகளைக் களத்துக்கு அணிந்து வராதீர்கள். 1881-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டின் உடலில் பாய்ந்த குண்டைத் தேட அலெக்சாண்டர் கிரகாம் பெல் உருவாக்கிய கருவி தோல்வியுற்றதற்கு, படுக்கையில் இருந்த எஃகுச் சுருள்வில்களும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகின்றன. காயிலுக்கு அருகே இருக்கும் நம் சொந்த உலோகம் இன்றும் அதே தொல்லையைத்தான் தருகிறது.

வரும் ஆண்டுக்கு மூன்று முன்மொழிவுகளைச் செயற்குழு உங்கள் முன் வைக்கிறது. புதிய உறுப்பினர்கள் பயிற்சித் தடத்தின் ஓரக் காசுகளை இருபுறமும் தவறாமல் கேட்கப் பழகிய பின்னரே கூட்டுத் தேடலில் சேர்த்துக்கொள்ளப்பட வேண்டும். ஆணிகளும் குப்பைகளும் நிறைந்த நிலங்களுக்காக, உறுப்பினர்கள் இரவலாக எடுத்துச்செல்லும்படி 15 செ.மீ. அளவுள்ள சிறு காயில்களைச் சங்கம் வாங்க வேண்டும். கைவிட்ட நிலங்களில் மறுதேடல் தொடங்கும் முன், அவற்றின் உரிமையாளர்களிடம் எழுத்துமூல இசைவைப் புதிதாகப் பெற வேண்டும். பயிற்சித் தடத்துக்கு நிலம் தந்தவருக்கும், ஒவ்வொரு பயிற்சி நாளிலும் முன்னதாக வந்து கயிறு கட்டிய துணைச் செயலாளருக்கும் சங்கத்தின் நன்றியைத் தெரிவித்து, இவ்வறிக்கையையும் முன்மொழிவுகளையும் ஏற்று ஒப்புதல் அளிக்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்