ஆடாத நடுவர் ஒருவர் வேண்டும்

மதிப்பிற்குரிய செஸ் கழகச் செயற்குழுவினருக்கும் போட்டி அமைப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

சென்ற போட்டியின் நான்காம் ரவுண்டில் என் பலகையில் என்ன நடந்தது என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கே நேரில் முறையிட்டேன். "அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம்" என்று தோளில் தட்டி அனுப்பினீர்கள். இப்போது அடுத்த தடவைக்கான அறிவிப்பு வந்துவிட்டது. நடுவர் என்று அதில் போட்டிருக்கும் பெயர், ஆடுபவர்கள் பட்டியலிலும் மேலிருந்து மூன்றாவதாக இருக்கிறது. அதனால்தான் இந்த மடலை எல்லா உறுப்பினர்களும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நான் கேட்பது பெரிய விஷயம் எதுவும் இல்லை. போட்டியில் ஆடாத நடுவர் ஒருவர் வேண்டும். ஒரே ஒருவர் போதும்.

அன்று நடந்ததை இன்னொரு முறை சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் கழகத்தில் இப்போது உலவும் கதையில் நான் ராணிக்கும் யானைக்கும் வித்தியாசம் தெரியாத ஆளாகிவிட்டேன்.

ஆளுக்கு 60 நிமிடம், ஒவ்வொரு நகர்வுக்கும் சில விநாடி கூட்டித் தரும் இன்கிரிமென்ட் கிடையாது. என் கடிகாரத்தில் ஒரு நிமிடத்துக்குச் சற்று அதிகம், எதிரே இருந்த தம்பியிடம் நான்கு நிமிடம். நேரத்தில்தான் பின்தங்கியிருந்தேன், ஆட்டத்தில் இல்லை. என் சிப்பாய் பி7-இல் நின்றது, இன்னும் ஒரு கட்டம் போனால் ராணியாக மாற்றலாம், அதைத் தடுக்க ஆள் இல்லை. இப்படி ஒரு நிலை எனக்கு வருடத்துக்கு ஒருமுறை வாய்த்தால் அதிகம். சிப்பாயைக் கடைசிக் கட்டத்துக்குத் தள்ளிவிட்டு ராணியை எடுக்கக் கையை நீட்டினால் மேசையில் ராணி இல்லை. எங்கள் வெள்ளை ராணி வெட்டுப்பட்டுச் சும்மா கிடந்தபோது, பக்கத்துப் பலகையில் இரண்டாவது ராணி தேவைப்பட்டு யாரோ கடனாக எடுத்துப் போயிருக்கிறார்கள். நான் யோசனையில் இருந்தேன், கவனிக்கவில்லை.

சிப்பாயை அப்படியே விட்டுக் கடிகாரத்தை அழுத்தினால் அது விதிமீறிய நகர்வு. அது எனக்குத் தெரியும். அதனால் கடிகாரத்தை நிறுத்திக் கையைத் தூக்கினேன். மாற்றவேண்டிய காய் கிடைக்காதபோது நடுவரின் உதவிக்காகக் கடிகாரத்தை நிறுத்தலாம் என்று உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிகளில் 6-ஆம் பிரிவு இதையே உதாரணமாகச் சொல்கிறது. இதுவரை நான் எந்தத் தப்பும் செய்யவில்லை.

நடுவர் முதல் பலகையில் உட்கார்ந்திருந்தார். அவருடைய ஆட்டமும் முடியும் தறுவாயில் இருந்தது, அவருடைய கடிகாரமும் ஓடிக்கொண்டிருந்தது. எழுந்து என் பலகைக்கு வந்தால் அவர் நேரம்தான் கரையும். தலையைத் தூக்கி ஒரு பார்வை பார்த்தார். பிறகு அங்கிருந்தே, கூடத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி, "ராணிக்குப் பதிலா யானையைக் கவுத்து வைங்க சார், நம்ம கழகத்துல எப்பவும் அப்படித்தானே" என்றார். மறுபடி தன் பலகைக்குள் குனிந்துவிட்டார்.

வைத்தேன். நடுவரே சொன்ன பிறகு வைக்காமல் என்ன செய்வது? கடிகாரத்தை ஓடவிட்டேன். தம்பி நிதானமாக யோசித்து ஒரு காயை நகர்த்தினான். நான் என் "ராணி"யை பி8-இலிருந்து மூலைவாட்டாக ஈ5-க்குக் கொண்டுபோய் செக் வைத்தேன். அவன் கடிகாரத்தை நிறுத்திவிட்டு, "இது யானை அங்கிள், குறுக்கே போகாது" என்றான். அவனை நான் குறை சொல்லமாட்டேன். விதியைப் படித்திருக்கிறான். எங்கள் இரண்டு பேரில் படிக்காதது நான்தான்.

இந்த முறை நடுவர் உடனே வந்தார். அதற்குள் அவர் ஆட்டம் முடிந்திருந்தது, வென்றிருந்தார். நிதானமாக நின்று, பலகையைப் பார்த்து, மிகச் சரியாகத் தீர்ப்பு சொன்னார். கவிழ்த்து வைத்தாலும் யானை யானைதான். நான் செய்தது விதிமீறிய நகர்வு, எதிராளிக்கு இரண்டு நிமிடம் கூடும். தொட்ட காய் யானை என்பதால் அதையே நகர்த்தவும் வேண்டும். எனக்கு மிச்சமிருந்தது நாற்பது விநாடி. அப்புறம் என்ன, நேரம் தீர்ந்தது, தோற்றேன்.

இரண்டு தீர்ப்புகளுக்கும் நடுவே ஐந்து நிமிடம்கூட இல்லை. முதலாவதைச் சொன்னவர் ஆட்டக்காரர், இரண்டாவதைச் சொன்னவர் நடுவர். ஆள் மட்டும் ஒருவரே.

"நீங்கள்தானே கவிழ்த்து வைக்கச் சொன்னீர்கள்?" என்று கேட்டேன். "அது தீர்ப்பு இல்லை சார், சும்மா ஒரு ஆலோசனை" என்றார். ஆட்டம் நடக்கும்போது அடுத்தவர் ஆலோசனையைக் கேட்டு ஆடக்கூடாது என்றுதான் 11-ஆம் பிரிவு சொல்கிறது. அப்படிப் பார்த்தால், சக ஆட்டக்காரர் ஒருவரிடம் கூடமே கேட்க ஆலோசனை பெற்ற குற்றத்துக்கும் சேர்த்து என்னைத் தண்டித்திருக்கலாம். விட்டுவிட்டார்கள், நன்றி.

கவிழ்த்த யானை விவகாரம் நம் கழகத்தின் கண்டுபிடிப்பு இல்லை. 2017 கனடா தேசிய சாம்பியன்ஷிப்பின் பிளிட்ஸ் (அதிவேக ஆட்ட) பிளேஆஃபில், பட்டம் யாருக்கு என்று முடிவாகும் ஆட்டத்தில், நிகோலாய் நோரிட்சின் இதே போல யானையைக் கவிழ்த்து வைத்தார். அவருக்கு வேண்டிய கறுப்பு ராணி அப்போது எதிராளி பாட்டர் சம்புயேவின் கையில் இருந்தது. நடுவர் ஆட்டத்தை நிறுத்தி அது யானைதான் என்றார். நோரிட்சின் தோற்றார், மேல்முறையீடும் எடுபடவில்லை. ஆடாத நடுவர் பலகையருகிலேயே நின்ற இடத்திலேயே ஒரு பட்டம் கைமாறும் அளவுக்குச் சிக்கல் வருகிறது. நம் நடுவரோ கூடத்தின் மறுமுனையில் தன் ராஜாவைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

இனிச் சொல்லப்போவதை எழுதத்தான் இத்தனை வாரம் தயங்கினேன். அந்தத் தம்பி இரண்டாம் ரவுண்டில் நடுவரிடம் தோற்றவன். கடைசியில் நடுவரும் இன்னொரு உறுப்பினரும் சம பாயிண்டில் நிற்க, புக்ஹோல்ஸ் கணக்கில் நடுவர் அரைப் பாயிண்ட் முன்னால் வந்து மூன்றாம் பரிசு பெற்றார். ஒருவர் சந்தித்த எதிராளிகள் எல்லோரும் எடுத்த பாயிண்ட்களைக் கூட்டிப் பார்ப்பது அந்தக் கணக்கு. 1932-இலிருந்து இருப்பது, நியாயமானதும்கூட. ஆனால் அந்தக் கூட்டலில் தம்பி என்னை வென்ற ஒரு பாயிண்டும் இருக்கிறது. நான் ஜெயித்திருந்தால் மூன்றாம் பரிசு அந்த இன்னொருவருக்குப் போயிருக்கும்.

நடுவர் வேண்டுமென்றே செய்தார் என்று நான் சொல்லவில்லை. அவரைப் பல வருடங்களாகத் தெரியும், நேர்மையானவர். நான்காம் ரவுண்டிலேயே புக்ஹோல்ஸைக் கூட்டிப் பார்க்கும் ஆள் இல்லை. ஆனால் இப்படி ஒரு வரியை நான் எழுத வேண்டியிருப்பதும், அதை அவர் படிக்க வேண்டியிருப்பதும் எங்கள் இருவருக்குமே அவமானம். அந்த நிலையில் எங்களை உட்காரவைத்தது நீங்கள்.

நீங்கள் சொல்லும் சமாதானங்கள் எனக்குத் தெரியும். ஒற்றைப்படையில் ஆள் வந்தால் ஒருவருக்கு பை, அதாவது எதிராளி இல்லாமலே ஒரு ரவுண்டுக்கான பாயிண்ட், கொடுக்க வேண்டியிருக்கும், நடுவர் உட்கார்ந்தால் சரியாகிவிடும் என்பீர்கள். ஏறக்குறைய சம பாயிண்ட் எடுத்தவர்களை மோதவிடும் ஸ்விஸ் முறை 1895-இல் சூரிச்சில் முதன்முதலாக நடந்த காலத்திலிருந்து இத்தனை போட்டிகளில் ஒற்றைப்படையில் ஆள் வராமலா இருந்திருப்பார்கள்? ஒருவருக்கு ஒருமுறைதான் பை என்று விதி இருக்கிறது, அதைப் பின்பற்றினால் யாரும் கெட்டுப்போக மாட்டார்கள். மேலும், ஒற்றைப்படையைச் சரிக்கட்ட வந்தவர் முதல் பலகையில் என்ன செய்கிறார்? சென்ற போட்டியில் அவரையும் சேர்த்துத்தான் ஒற்றைப்படை. அவர் எழுந்திருந்தால் சரியாகவே இருந்திருக்கும்.

"ரேட்டிங் இல்லாத போட்டிதானே, இதுக்குப் போய் இவ்வளவா" என்றும் ஒருவர் கேட்டார். என் ரேட்டிங்கின் யோக்கியதை எனக்குத் தெரியும். 2024 மார்ச்சில் ஃபிடே 2000-க்குக் கீழே இருந்த எல்லோரையும் கணக்குப் போட்டுத் தூக்கிவிட்டபோது என் 1250 ஒரே நாளில் 1550 ஆனது. நான் ஒரு காயைக்கூட நகர்த்தாமல் கண்ட முன்னேற்றம் அது ஒன்றுதான். ரேட்டிங்குக்காகக் கழகப் போட்டிக்கு யார் வருகிறார்கள்? வாரம் முழுக்க வேலை பார்த்துவிட்டு இரண்டு நாள் ஒழித்து வருகிறோம். எங்களை விடப் பாதி வயதுப் பிள்ளைகளிடம் தோற்றுவிட்டு, வீட்டுக்குப் போய் அதே ஆட்டத்தை மறுபடி அடுக்கிப் பார்க்கிறோம். அந்தத் தோல்வியாவது ஒழுங்கான தோல்வியாக இருக்கட்டுமே.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று உங்களில் சிலர் சிரிப்பது காதில் விழுகிறது. எனக்கு ஆடத் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். கூடமும் கோணல்தான்.

கூடம் என்றதும் மற்றதும் ஞாபகம் வருகிறது. யாரோடு யார் ஆடுவது என்று சொல்லும் பேரிங் தாளை ஒட்டுவது ரவுண்டு தொடங்கிப் பத்து நிமிடம் கழித்து. அதையும் கையால் போடுவதால் எனக்கு முதல் மூன்று ரவுண்டும் கறுப்பு. மூன்றுமுறை தொடர்ந்து ஒரே நிறம் கொடுக்கக்கூடாது என்று யாரிடம் போய்ச் சொல்வது? நடுவர் மும்முரமாகத் தன் ஓப்பனிங்கை ஆடிக்கொண்டிருப்பார். ஆட்டக்காரரின் போன் ஒலித்தால் ஆட்டம் போச்சு என்று சுவரில் எழுதியிருக்கிறது. அமைப்பாளரின் போன் ஒலித்தால் அவர் அங்கேயே நின்று பேசி முடிப்பார். பலகைகளைச் சுற்றி நிற்கும் பெற்றோர்கள் பெருமூச்சிலேயே காய் நகர்த்துகிறார்கள். ஒரு தப்பான நகர்வுக்கு எழும் "ச்சு" சத்தத்தைக் கேட்டு நானே ஒருமுறை குதிரையைக் காப்பாற்றியிருக்கிறேன், மறைப்பானேன். டிஜிட்டல் கடிகாரங்கள் வாங்கியும் "நேரமாகிவிடும்" என்று இன்கிரிமென்ட் வைக்க மறுக்கிறீர்கள். பரிசளிப்பு விழாவில் மட்டும் நேரமே ஆவதில்லை போலிருக்கிறது.

சரி, இதையெல்லாம் இன்னொரு நாள் பேசிக்கொள்ளலாம். ஒருவர் ஆடாமல் கூடத்தில் நடந்துகொண்டிருந்தாலே இதில் பாதி தானாகச் சரியாகிவிடும். நேரம் குறைந்த ஆட்டங்களை நடுவர் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்று 12-ஆம் பிரிவு சொல்கிறது. தன் நேரமே குறைந்துபோய் உட்கார்ந்திருப்பவர் அடுத்தவர் நேரத்தை எப்படிக் கவனிப்பார்?

அந்த ஆட்டத்தின் முடிவை மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. யானை யானைதான், தீர்ப்பு சரி. கோப்பையைத் திருப்பி வாங்குங்கள் என்றும் கேட்கவில்லை. அடுத்த போட்டியில் நடுவர் பெயர் ஆடுபவர் பட்டியலில் இருக்கக்கூடாது. இதை ஒரு வரியில், போட்டிக்கு முன்பே, அறிவிப்பில் திருத்திப் போடும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

ஆள் கிடைக்கவில்லை என்றால் என்னைப் போடுங்கள். ஒரு போட்டியில் நான் ஆடவில்லை என்றால் செஸ் உலகத்துக்கு நஷ்டமில்லை. விதிப்புத்தகத்தை இந்த ஒரு மாதத்தில் இரண்டு தடவை படித்துவிட்டேன். கவிழ்த்த யானை பற்றி என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் இப்போது கழகத்தில் யாரும் இல்லை. அதற்கடுத்த போட்டிக்கு வேறொருவர், அதற்கடுத்ததற்கு இன்னொருவர் என்று முறை வைத்துக்கொண்டால் யாருக்கும் வருடத்துக்கு ஒரு போட்டிக்கு மேல் போகாது.

பதிலை எதிர்பார்க்கும்,
பதினொன்றாம் பலகையில் வழக்கமாக உட்காரும் உறுப்பினர்

பி.கு.: எது எப்படியானாலும் இனிச் சட்டைப்பையில் ஒரு வெள்ளை ராணி, ஒரு கறுப்பு ராணியோடுதான் வருவேன். சொந்தக் காயைக் கொண்டுவரலாமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள ஆசை. அப்போது ஆடிக்கொண்டிருக்காத யாராவது பதில் சொன்னால் நல்லது.