பெரிய வீட்டை வரைந்து முடித்தோம்: உதவிய எல்லோருக்கும் ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

பிரித்து விற்றுப்போன நம்மூர்ப் பெரிய வீட்டின் வரைபடங்கள் போன வாரம் கிளை நூலகத்தில் சுவரேறிவிட்டன. தரைப்படம், நெடுக்குவெட்டு, முகப்புத் தோற்றம், அப்புறம் தூணும், தூண் தலையில் உத்திரம் தாங்கும் போதிகையும் தனியாக. பார்க்க வருகிறவர்கள் என் கையைப் பிடித்துப் பாராட்டிவிட்டுப் போகிறார்கள். அந்தப் பாராட்டில் முக்கால்வாசி வேறு ஆட்களுக்குச் சேரவேண்டியது. அவர்களில் பலர் அன்று கூட்டத்தில் இல்லை, சிலருக்கு நூலகம் பக்கம் வரும் பழக்கமே கிடையாது. அதனால்தான் இந்த மடல்.

யார் பெயரையும் எழுதவில்லை. குடும்பத்தார் அப்படிக் கேட்டுக்கொண்டார்கள், மற்றவர்களுக்கும் அதுவே நல்லது என்று பட்டது. மேலூரிலிருந்து திருப்பத்தூர் போகும் வழியில் உள்ள ஊர் என்ற அளவில் இருக்கட்டும். உள்ளூர்க்காரர்களுக்கு யார் யார் என்று தானே தெரியும்.

வெளியூர்க்காரர்களுக்காக நாலு வரி. அது நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார் வீடு, ரங்கூன் பணத்தில் எழுந்தது. 1852 போரோடு கீழ்பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் பர்மா அரிசிக்கு ஐரோப்பாவில் கிராக்கி கூடியது. ஐராவதி டெல்டாவில் காடு திருத்தி நெல் போட்டவர்களுக்குக் கடன் தேவைப்பட்டது, கொண்டுவிக்க, அதாவது கடல் தாண்டித் தொழில் செய்யப் போன நம் பக்கத்து ஆட்கள் கொடுத்தார்கள். அந்த லாபத்தில்தான் இங்கே தேக்கும் வார்ப்பிரும்பும் வந்து இறங்கின. இரும்புத் தூண்கள் தூத்துக்குடியில் கப்பலிலிருந்து இறங்கி, ரயிலில் மதுரைக்கு வந்து, அங்கிருந்து மாட்டுவண்டியில் மேலூர் வழியாக வந்தன என்று என் தாத்தா சொல்வார். மதுரைக்கு ரயில் வந்தது 1875-இல், தூத்துக்குடிக்கு 1876-இல். தாத்தா சொன்னது சரியென்றால் முகப்பு அதற்கு முந்தியது இல்லை.

தாத்தா அந்த வீட்டுக் கணக்குப்பிள்ளை. எங்கள் வீட்டில் பெரிய வீட்டுப் பேச்சு ஓயாது. ஆனால் அவர் உட்கார்ந்து கணக்கு எழுதியது முகப்பை ஒட்டிய பட்டாலை என்ற கூடத்தில். முற்றமும் அதைச் சுற்றி அறைகளுமாக இருக்கும் வளவின் வாசலைத் தாண்டி உள்ளே போகும் வேலை அவருக்கு இல்லை. ஆகவே எங்களுக்கு வந்து சேர்ந்தது பாதி வீடுதான்: திண்ணை, தூண், நிலைக்கு மேல் கஜலட்சுமி, பெல்ஜியம் கண்ணாடி. ஊரில் யாரைக் கேட்டாலும் இதே பாதிதான் வரும். வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிந்தது. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு, கிணற்றடி என்று நீளமாகப் போகும். மீதியை யாரிடம் கேட்பது?

முதல் நன்றி அந்த வீட்டு ஆச்சிக்கு. காரைக்குடியில் மகள் வீட்டில் இருக்கிறார்கள். ஃபோனில் நான் யார் என்று சொன்னதும், "கணக்குப்பிள்ளை பேரனா? கேளுங்க தம்பி" என்றார்கள். ஒரு பழைய பாகப்பிரிவினைப் பத்திரத்தின் நகலை எடுத்து அனுப்பச் சொன்னதும் அவர்கள்தான். அதை ஒரு கட்டடப் படமாகவே வாசிக்கலாம். 'வளவில் தென்சிறகில் மேற்கிலிருந்து இரண்டாவது உள்ளறையும் வெளியறையும்' என்று ஒவ்வொரு பங்குக்கும் அறை குறித்திருக்கிறது. 'நடை, வளவு, பின்கட்டு, கிணறு பொது' என்று முடிகிறது. கல்யாணமான ஒவ்வொரு பையனுக்கும் ஒரு ஜோடி அறை, எல்லோருக்கும் பொதுவாக நடுவில் வானம் பார்த்த முற்றம். இதை ஒரு வக்கீல் குமாஸ்தா எழுதியிருப்பார், படம் வரைபவர் யாரும் இல்லை. ஆனாலும் சிறகு, திசை, வரிசை எதுவும் பிசகவில்லை. பழைய கையெழுத்தை எங்களுக்குப் படித்துக் காட்டி, நான்கெல்லையை எஃப்எம்பி என்ற நில அளவைப் படத்தோடு ஒத்துப் பார்த்துத் தந்த பத்திர எழுத்தர் அண்ணன் ஒரு பைசா வாங்கவில்லை. இதே வேலைக்காக வேறொரு அலுவலகத்தில் எங்களை வாரக்கணக்கில் நடக்கவிட்டார்கள். அதை விடுங்கள், இது நன்றி மடல்.

பத்திரத்தில் 'பின்கட்டு பொது' என்ற இரண்டு சொல்லோடு நின்றுபோனதே, அங்கேதான் எங்களுக்குப் பெரிய ஓட்டை. அதை அடைத்தவர் பின்கட்டில் சிறுவயதிலிருந்து வேலை பார்த்த அக்கா. இந்த மடலில் ஒருவருக்கு மட்டும் நன்றி சொல்ல இடம் என்றால் அவருக்குத்தான் சொல்வேன்.

வீடு இருந்த இடம் இப்போது வெறும் மனை. சீமைக்கருவேலத்தை வெட்டியபின் மிஞ்சியது கிணறு ஒன்றுதான். அக்கா வந்தார், சுற்றிப் பார்த்தார், எதுவும் பிடிபடவில்லை என்றார். முகப்பு இருந்த பக்கம் கூட்டிப்போனோம், அங்கே அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. "நான் இந்த வழியா வந்ததே இல்லையே தம்பி" என்றார். அப்புறம் தானாகவே கிணற்றடிக்குப் போய் நின்றுகொண்டார். இடுப்பில் குடம் இருப்பதுபோல் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடக்க ஆரம்பித்தார். வாய்க்குள் எண்ணிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்று, "இங்கன ஒரு படி ஏறணும்" என்றார். அளந்து வரைய வந்திருந்த கட்டடக்கலை மாணவர்கள் அங்கே சுண்ணாம்புப் பொடி தூவிவிட்டு மண்ணைச் சுரண்டினார்கள். ஒரு சாண் தள்ளிக் கருங்கல் படியின் விளிம்பு தட்டுப்பட்டது. அதற்குப் பிறகு அவரை யாரும் குறுக்குக் கேள்வி கேட்கவில்லை. "இது மூத்தவுக அடுப்பு, இது நடுவுளவுக அடுப்பு, இங்கன ஆட்டுக்கல், மழை பெஞ்சா ஓட்டுத்தண்ணி இந்த அண்டாவுல விழும்" என்று மூன்றாம் கட்டு முழுவதையும் நடந்தே சொல்லி முடித்தார்.

ஒரு வீட்டில் ஏன் அத்தனை அடுப்பு என்று மாணவர்கள் கேட்டார்கள். கல்யாணமானதும் மகனை 'வேறு வைப்பது' நகரத்தார் வழக்கம். ஒரே கூரைதான், ஆனால் ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது கல்யாணமான ஜோடிக்கும், உலை தனி, அரிசி பருப்புக் கணக்கும் தனி. பத்திரத்தில் இருந்த பங்குகளை எண்ணிப் பார்த்தோம், அக்கா காட்டிய அடுப்புகளோடு சரியாக வந்தது. ஆச்சியிடம் சொன்னபோது, "அவ சொன்னா சரியாத்தான் இருக்கும், என்னைவிட அவளுக்குத்தான் தெரியும்" என்று சிரித்தார்கள்.

அடுத்து கொத்தனார். வீட்டைப் பிரித்த வேலையில் இருந்தவர். அதைச் சொல்லத் தயங்கிக்கொண்டே வந்தார், தயங்க வேண்டியதே இல்லை. செட்டிநாட்டுச் சுவர் என்றால் ஊரில் எல்லோரும் முட்டை வெள்ளைக்கருவைப் பற்றித்தான் பேசுவார்கள். அவர் பேசியது சுண்ணாம்பைப் பற்றி. நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீரில் ஊறப்போட்டு, மணலோடு செக்கில் அரைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர் விட்டுப் பக்குவம் பண்ணுவார்கள். முட்டை சேர்வது கடைசிப் பூச்சில் மட்டும், அதுவும் கொஞ்சம். "உளி வெச்சா வழுக்கும் சார், கோபமா வரும்" என்றார். அன்று உடைந்த பூச்சில் ஒரு துண்டை ஆசைக்காக எடுத்துப்போய் வீட்டு ஜன்னலில் வைத்திருந்தார். அதன் ஓரத்தைப் பார்த்தால் அடுக்குகள் தெரிகின்றன. அடியில் சொரசொரப்பான மணல் கலவை, மேலே போகப் போக நைசாகி, கடைசி அடுக்கு நகக்கனத்தில் பளிங்குபோல் வெள்ளை. சுண்ணாம்பு காற்றில் இருக்கும் கரியமில வாயுவை இழுத்து, மெல்ல மெல்ல மறுபடி சுண்ணாம்புக்கல்லாகவே இறுகிவிடும். நூறு வருஷத்துக்கு மேல் அப்படி இறுகிய சுவர் உளியை வழுக்கவிடாமல் என்ன செய்யும்?

அவர் தந்த இன்னொரு தகவல் எங்கள் படத்தையே மாற்றியது. வளவில் ஆத்தங்குடித் தரைக்கல்லைப் பெயர்த்தபோது அதற்கு அடியில் மெருகேற்றிய பழைய சுண்ணாம்புத் தரை இருந்ததாம். கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணச் சாந்தை ஊற்றி, சிமெண்டால் கனம் சேர்த்து, தண்ணீரில் ஊறவைத்துச் செய்வது ஆத்தங்குடிக் கல். சிமெண்ட் இந்தப் பக்கம் பரவியதே 20-ஆம் நூற்றாண்டில்தான். நாம் எல்லோரும் 'அந்தக் காலத்துத் தரை' என்று படம் பிடித்துக்கொண்டது வீடு கட்டியவர் காலில் பட்ட தரை இல்லை. அதனால் தரைப்படத்தில் வளவை மட்டும் இரண்டு விதமாக வரைந்து வைத்திருக்கிறோம். மாடித்தளம் மெட்ராஸ் டெரஸ் என்பதும் அவர் சொல்லித்தான் உறுதியானது: தேக்குக் கட்டைமேல் மெல்லிய செங்கலைச் சாய்வாக நிறுத்தி அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, நாள்கணக்கில் கட்டையால் தட்டி இறுக்கிய தளம்.

ஸ்டுடியோ வைத்திருந்த மாமாவுக்கு நன்றி. பழைய கல்யாணப் படங்களின் நெகடிவ்களை அவர் குப்பையில் போடாமல் வைத்திருந்தது நம் அதிர்ஷ்டம். பெரிய வீட்டைப் படம் பிடிக்க வேண்டும் என்று யாரும் பிடிக்கவில்லை, பெண்ணையும் மாப்பிள்ளையையும்தான் பிடித்தார்கள். ஆனால் மாப்பிள்ளையின் தலைப்பாகைக்குப் பின்னால் போதிகையின் வாழைப்பூ முனை தெளிவாக விழுந்திருக்கிறது. அதை வைத்து ஆசாரி ஐயா தூணின் சுற்றளவையே சொல்லிவிட்டார். உத்திரம், போதிகை, தூண், அடிக்கல் எல்லாம் முளையும் குழியுமாக ஒன்றில் ஒன்று உட்கார்வது என்பதையும் தீப்பெட்டி அளவில் ஒன்று செதுக்கிக் காட்டினார். அது நூலகத்தில் மேசைமேல் இருக்கிறது. தொட்டுப் பார்க்கலாம், எடுத்துப் போய்விடாதீர்கள்.

ஆசாரி சொன்ன அளவைச் சரிபார்க்க வழி செய்தவர், காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடை வைத்திருப்பவர். வீட்டின் மரத்தை வாங்கியவர்களில் அவரும் ஒருவர். விற்றது போக ஒரு தூண் அவர் கிட்டங்கியில் மிச்சம் இருந்தது. வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டு, வேண்டிய மட்டும் அளந்துகொள்ளச் சொல்லி, டீயும் வாங்கித் தந்தார். இவரைப்போன்ற வியாபாரிகள்தான் வீடுகளை அழிக்கிறார்கள் என்று பேசுவது சுலபம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 1930-இல் பர்மாவில் நெல் விலை விழுந்து, கடனுக்கு ஈடாக வயல்கள் வந்து சேர்ந்தன. கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 1930-இல் நூற்றுக்கு 6, 1938-இல் நூற்றுக்கு 25. பணமாக மாற்றுவதற்குள் 1942-இல் ஜப்பான் படை ரங்கூனைப் பிடித்தது, 1948-இல் பர்மா அரசு நில தேசியமயச் சட்டம் கொண்டுவந்தது. இங்கே வீட்டுக்குப் பங்காளிகள் பெருகினார்கள், ஓடு மாற்ற யாரிடமும் காசு இல்லை. அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டு முடித்த பிறகுதான் லாரி வந்தது. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் 1996 முதல் ஒரு செட்டிநாட்டு வீட்டை நாம் பார்க்க முடிகிறதே, அதுவும் பிரித்த வீட்டு மரத்தை எடுத்துவந்து நிறுத்தியதுதான். செட்டிநாட்டு ஊர்களை 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய இடங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். நல்லது, ஆனால் பட்டியல் ஓடு மாற்றாது.

மதுரையிலிருந்து வந்து அளந்து வரைந்த கட்டடக்கலை மாணவர்களுக்கு என்ன சொல்வது! வெயிலில் டேப் பிடித்தார்கள், லேசர் கருவி மக்கர் செய்தபோது கயிறு பிடித்தார்கள். முகப்பைத்தான் முதலில் வரைவோம் என்று நின்ற பிள்ளைகள், அக்கா நடந்து காட்டிய பிறகு கிணற்றிலிருந்து முன்னோக்கி வரைந்தார்கள். படத்தில் அடுப்புகளுக்கும் ஆட்டுக்கல்லுக்கும் தூணுக்குக் கொடுத்த அதே கவனம் தெரிவது அதனால்தான். அவர்களுக்குச் சோறு போட்ட பஸ் ஸ்டாண்டு மெஸ் அண்ணாச்சிக்கும், மனையை இப்போது வைத்திருந்தும் கேட்டவுடன் பூட்டைத் திறந்துவிட்டு, கிணற்றை மூடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தவருக்கும், சுவரில் ஆணி அடிக்க அனுமதித்த நூலகர் அம்மாவுக்கும் நன்றி.

அக்காவை நூலகத்துக்குக் கூட்டிவர ஆட்டோ ஏற்பாடாகிவிட்டது, வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு வருகிறார். படத்தில் ஏதாவது இடம் மாறியிருந்தால் அன்று திருத்திவிடுவோம். அந்த வீட்டுக் கல்யாணத்தில் எடுத்த படம் யாரிடமாவது இருந்தால் கொண்டுவாருங்கள். மாடிப்படி விழுந்திருக்கும் படம் என்றால் ரொம்ப உதவி. அங்கேயே செல்ஃபோனில் நகல் எடுத்துக்கொண்டு ஆல்பத்தைக் கையோடு கொடுத்துவிடுகிறோம்.

நன்றியுடன்,
கணக்குப்பிள்ளை வீட்டுப் பேரன்