வைக்கோலையும் எடை போடுங்கள்: நெல் ஆராய்ச்சியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

புதிய நெல் ரகங்களை உருவாக்கும் விஞ்ஞானிகளுக்கும், அவற்றை எங்கள் வரப்பு வரைக்கும் கொண்டுவரும் வேளாண் அலுவலர்களுக்கும் வணக்கம்.

மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு சிற்றூரிலிருந்து எழுதுகிறேன். எங்களுக்கு ஒன்பது மா நிலம், அதாவது மூன்று ஏக்கர். தண்ணீர் நேரத்துக்கு வந்தால் குறுவையும் உண்டு, இல்லாவிட்டால் சம்பா மட்டும். இரண்டு கறவை மாடு, ஒரு கிடேரி. வயல் வீட்டுக்காரர் பொறுப்பு, மாடு என் பொறுப்பு. கொட்டில் பக்கம் நின்றுதான் இதை எழுதுகிறேன்.

போன தை மாதம் பக்கத்து ஊரில் வயல் விழா நடந்தது. புது ரகம் ஒன்றை அறுத்துக் காட்டினார்கள். ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு பிடித்து, அறுத்து, அடித்து, நெல்லை எடை போட்டு, ஹெக்டேருக்கு இவ்வளவு என்று மைக்கில் சொன்னார்கள். கைதட்டினோம். அடித்த தாளை வரப்போரம் தூக்கிப் போட்டுவிட்டார்கள். "சார், வைக்கோல் எவ்வளவு நிக்கும்?" என்று கேட்டேன். ஒருவர் சிரித்தபடி, "அது பாட்டுக்குக் கிடைக்கும்மா" என்றார். கையில் கொடுத்த காகிதத்தைப் புரட்டினேன். வயது, உயரம், ஆயிரம் மணி எடை, அரவைத் திறன், மகசூல், எந்த நோயைத் தாங்கும் என்று எல்லாம் இருந்தது. வைக்கோல் என்ற சொல்லையே காணோம்.

கறவை மாடு ஒன்று நாளைக்கு அஞ்சாறு கிலோ வைக்கோல் தின்னும். வருஷத்துக்கு இரண்டு டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஏக்கர் சம்பாவில் கிடைக்கிற வைக்கோலும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆக, ஏக்கருக்கு ஒரு மாடு. நெல் பணம் வருஷத்துக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோ வரும். வந்த அன்றைக்கே உரக்கடைக்கும் நகைக்கடனுக்கும் போய்விடும். பால் பணம் அப்படியில்லை. சிறுகச் சிறுக வந்து என் கையில்தான் தங்கும். பிள்ளைகளின் நோட்டுப் புத்தகம், மாமியாரின் சர்க்கரை மாத்திரை, திடீர் மொய் எல்லாம் அதிலிருந்துதான். வயலில் இருந்து நேராக என் கைக்கு வருகிற மகசூல் வைக்கோல் ஒன்றுதான். அதைத்தான் உங்கள் அட்டவணையில் தேடுகிறேன்.

மாமியார் காலத்தில் வைக்கோல் இல்லாத வேலையே கிடையாது. பிரி திரித்து நெற்சேர் கட்டுவார்கள். பத்தாயம் இல்லாத வீட்டுக்கு அதுதான் களஞ்சியம். சோற்றுப் பானைக்குப் பிரிமணை, வாழைத்தார் பழுக்க மூட்டம், அடைக்கோழிக்குக் கூடை மெத்தை, முளைகட்டும் விதைச் சாக்குக்குப் போர்வை எல்லாம் வைக்கோல்தான். போர் போடுவது தனிக் கலை. உச்சியைச் சரியாகக் கூம்பினால் ஐப்பசி கார்த்திகை அடைமழை முழுக்க நனைந்தாலும், மேலே கறுத்திருக்குமே தவிர உள்ளே கை விட்டால் பொன்னிறமாக வரும். பெண் பார்க்க வருகிறவர்கள் கொல்லைப் பக்கம் போய் வைக்கோல் போரின் அளவைத்தான் முதலில் பார்ப்பார்களாம். என் மாமியாரும் அப்படித் தேறி வந்தவர்தான், கேட்டால் இன்றைக்கும் மறுப்பார்.

இதைச் சொன்னதும் "அப்போ பழைய ரகத்துக்கே போகச் சொல்றீங்களா?" என்று கேட்பீர்கள். இல்லை. பழைய உயர நெல்லுக்கு யூரியா கொஞ்சம் தூக்கலாகப் போட்டால் மழைக்குச் சாய்ந்து படுத்துவிடும் என்பது எங்களுக்கும் தெரியும். 1960களின் நடுவில் ஜப்பான் நெல்லையும் நம் நெல்லையும் சேர்த்து ஆடுதுறை 27 என்ற ரகம் வந்தது, 1966இல் பிலிப்பைன்ஸிலிருந்து ஐ.ஆர். 8 என்ற குட்டை ரகம் வந்தது. அப்புறம்தான் பல வீடுகளில் இரண்டு வேளைச் சோறு நிச்சயமானது. மாமியாரே சொல்வார். அந்தக் குட்டைப் பயிரின் சூட்சுமமே தாளைக் குறைத்து மணியைக் கூட்டியதுதான். உயர நெல்லில் மொத்தப் பயிர் எடையில் மணி மூன்றில் ஒரு பங்குதான், குட்டை ரகத்தில் கிட்டத்தட்டப் பாதி. பசித்த நாட்டுக்கு அது சரியான கணக்கு. அதே கணக்கை மறுபடி பார்க்காமல் அறுபது வருஷமாக ஓட்டுவதுதான் எனக்குப் புரியவில்லை.

தாள் குறைந்தது ஒரு பக்கம். இருக்கிற தாளையும் அறுவடை மிஷின் கெடுக்கிறது. இப்போது கையறுவடைக்கு ஆள் கிடையாது. பெல்ட் மிஷின் வராவிட்டால் நெல் வயலிலேயே உதிரும், அதனால் மிஷினை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது முக்கால் அடிக்கு மேலே அறுக்கிறது. கீழே நிற்கும் கட்டைத்தாளில்தான் விஷயம் இருக்கிறது. சோளம், கம்பு மாதிரி இல்லை நெல். நெற்பயிரில் இலையைவிடத் தண்டுதான் மாட்டுக்குச் சீக்கிரம் செரிக்கும், ஏனென்றால் மணல் சத்தாகிய சிலிக்கா இலையில்தான் அதிகம். அடியொட்டி அறுத்தால்தான் நல்ல தீவனம். மிஷின் நல்லதை வயலில் விட்டுவிட்டு, மீதியை நொறுக்கிக் கொட்டுகிறது. அப்படியே கொண்டுவந்து போட்டால் எங்கள் சிவலை மாடு முகர்ந்து பார்த்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும். அதுவும் குறுவை என்றால் அறுவடையே மழையோடுதான், கிடக்கிற வைக்கோல் மூன்று நாளில் நாறிவிடும். சம்பா வைக்கோலைச் சுருட்டி ரோல் கட்ட வேறொரு மிஷின் வருகிறது. கட்டியதில் பாதி லாரி ஏறிக் கேரளாவுக்குப் போகிறது. சித்திரையில் எங்கள் ஊர் வைக்கோலையே நாங்கள் விலை கொடுத்து வாங்குகிறோம்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். தை அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது, நிற்கும் நெல்லுக்குள்ளேயே உளுந்தையும் பயறையும் தெளிப்பது இந்த மண்ணின் பழக்கம். உழவு கிடையாது, தண்ணீர் கிடையாது, பனியிலேயே விளையும். கையில் அறுத்தபோது ஆள் பார்த்து நடப்பார்கள், முளைத்த உளுந்து பிழைக்கும். பெல்ட்டுக்கு அந்தப் பார்வை ஏது? அது ஓடிய தடமெல்லாம் வெறும் மண். தப்பியதன் மேலும் நொறுங்கிய தாள் பாய் விரித்த மாதிரி கிடக்கும். இட்லி மாவுக்கு எங்கள் வயல் உளுந்து போய், கடை உளுந்து வந்து சில வருஷமாகிறது.

யூரியா கரைத்துத் தெளித்து, மூடி வைத்து, மூன்று வாரம் கழித்து வைக்கோலைப் போடுங்கள், சத்து கூடும் என்று பயிற்சியில் சொன்னார்கள். நூறு கிலோவுக்கு நாலு கிலோ. நல்ல யோசனைதான். நடவு சமயத்தில் ஒரு மூட்டை யூரியாவுக்கு வரிசையில் நிற்கிறவளிடம் அதை மாட்டுக்குப் போடச் சொன்னால் வீட்டில் சண்டை வரும்.

இது உங்களால் முடியாததில்லை. வெள்ளத்தில் பயிர் அழுகுகிறது என்று கடைமடைக்காரர்கள் கத்திக்கொண்டே இருந்தோம். சி.ஆர். 1009 சப் 1 என்ற நெல் ரகத்தைக் கொடுத்தீர்கள். இரண்டு வாரம் வரைக்கும் மூழ்கிக் கிடந்தாலும் துளிர்க்கிற குணத்தை, நாங்கள் பழகிய அதே நெல்லுக்குள் வைத்துக் கொடுத்தீர்கள். சோளத்தில் வேறு சிலர் இந்த வேலையைத் தொடங்கியும்விட்டார்கள். ஹைதராபாத் பக்கத்தில் இருக்கிற இக்ரிசாட் என்ற சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் கால்நடை ஆராய்ச்சியாளர்களோடு சேர்ந்து சோளத் தட்டையின் தீவனத் தரத்தையும் அளக்கிறார்கள். மகாராஷ்டிரத்தில் மால்தண்டி சோளத்தை விவசாயிகள் இன்னும் விடாமல் வைத்திருப்பதற்கு ரொட்டி மட்டும் காரணமில்லை, தட்டையும்தான். சோளத்துக்குக் கிடைத்த மரியாதை நெல்லுக்குக் கிடைக்க வேண்டாமா?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. புது ரகத்துக்குக் கொடுக்கிற காகிதத்தில் இரண்டு வரி கூடுதலாக வேண்டும். ஏக்கருக்கு வைக்கோல் எவ்வளவு, மாடு அதைத் தின்கிறதா. இரண்டாவதை எந்த ஆய்வகமும் சொல்லாது, தொட்டியில் போட்டுத்தான் பார்க்க வேண்டும். மிஷின் சிபாரிசு செய்கிறவர்கள் அறுக்கும் உயரத்தையும், உளுந்து தெளித்த வயலில் எப்படி ஓட்டுவது என்பதையும் டிரைவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். அப்புறம், வயல் விழாவுக்குப் பெண்களைக் கூப்பிடுங்கள். டீ கொடுக்க அல்ல.

வருகிற தையில் எங்கள் மேலவயலில் அறுவடை. அரிவாள் பிடிக்கத் தெரிந்த நாலு பேர் ஊரில் இன்னும் இருக்கிறார்கள், ஒரு மாவை மட்டும் கையில் அறுக்கச் சொல்லியிருக்கிறேன். மீதி மிஷின். இரண்டு வைக்கோலையும் தனித்தனியாகப் போட்டு வைக்கிறேன். நீங்கள் தராசு மட்டும் கொண்டு வாருங்கள், தின்று பார்த்துச் சொல்லச் சிவலை இருக்கிறது.

இப்படிக்கு,
மன்னார்குடி வட்டத்திலிருந்து ஒரு மாட்டுக்காரி