சீட்டுக்கட்டு நடத்தும் சேனை

வெள்ளவத்தை,
கொழும்பு.

அன்புள்ள நண்பருக்கு,

உமது கடிதம் கிடைத்தது. மட்டக்களப்பில் எல்லோரும் சுகமாக இருப்பதையும், ஓய்வு பெற்ற பின்னும் சரித்திரப் பாடத்தை நீர் விட்டபாடில்லை என்பதையும் அறிந்து மகிழ்ந்தேன். பொழுது எப்படிப் போகிறது என்று கேட்டிருந்தீர். சொன்னால் சிரிப்பீர்: பொம்மைச் சிப்பாய்களோடு போகிறது.

பெறாமகன் விடுமுறைக்கு வந்தபோது, லாரி புரோம் என்ற அமெரிக்கர் 1979இல் வெளியிட்ட ‘த சோர்ட் அண்ட் த ஃபிளேம்’ என்னும் போர் விளையாட்டின் விதிகளைக் கொண்டுவந்தான். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய வல்லரசுகள் ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும் நடத்திய குடியேற்றக்காலப் போர்களுக்காக எழுதப்பட்ட விதிகள் அவை. சிறு உருவங்களை மேசைமேல் அணிவகுத்து, அங்குலக் கோலால் தூரம் அளந்து, சீட்டின்படியும் தாயக்கட்டையின்படியும் சண்டையை நடத்த வேண்டும். புறக்கோட்டையில் மலிவாக வாங்கிய பிளாஸ்டிக் சிப்பாய்களுக்குச் சிவப்புச் சாயம் பூசினோம். பச்சைப் படுக்கை விரிப்பின் கீழே தடித்த புத்தகங்களை வைத்தபோது மலைகள் எழுந்தன, தென்னந்தும்பு காடாயிற்று. இருபது முகத் தாயக்கட்டை கடையில் அகப்படாததால், கைபேசிச் செயலி ஒன்றை அதற்குப் பதிலாக வைத்துக்கொண்டோம்.

இவ்விளையாட்டின் உயிர் சாதாரணச் சீட்டுக்கட்டில் இருக்கிறது. கலைத்து வைத்த கட்டிலிருந்து ஒரு சீட்டைத் திருப்பும்போது சிவப்பு வந்தால் ஆங்கிலப் படை தன் பிரிவுகளில் ஒன்றை நகர்த்தலாம். கறுப்பு வந்தால் எதிரணி நகர்த்தலாம். நகர்ந்த பிரிவு எத்தனை அங்குலம் போகும் என்பதையும் தாயக்கட்டைதான் தீர்மானிக்கிறது. சுடும் வரிசைக்கும் மறுபடி சீட்டே எசமான். ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1913இல் வெளியிட்ட போர் விளையாட்டு விதிகளில் ஒருவர் தம் படையை நகர்த்தி முடித்த பின்னர் மற்றவர் நகர்த்துவார். ஆகவே எதிரியின் முறை வரும்வரை நமக்கு ஒருவித நிம்மதி உண்டு. இங்கே அந்த நிம்மதி கிடையாது. குன்றின்மேல் நிற்கும் பிரிவை உடனே பின்வாங்கச் செய்ய வேண்டும் என்று நான் தவித்துக்கொண்டிருக்கையில், கறுப்புக்கு மேல் கறுப்பாக விழுந்து, தும்புக் காட்டிலிருந்து பெறாமகனின் ஆட்கள் ஒவ்வொரு பிரிவாக வெளிவந்தார்கள்.

304 என்னும் சீட்டாட்டம் விளையாடும்போது துரும்புச் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கையிலிருக்கும் சீட்டுகளைக் கொண்டு நாம் கணக்குப் போடுவோம் அல்லவா? இங்கே கையில் ஒன்றுமே இல்லை. முதலில் இது வெறும் அதிர்ஷ்டம் என்றுதான் எனக்கும் பட்டது. ஆனால் சீட்டு யாருக்கு முறை என்று மட்டுமே சொல்கிறது. அம்முறையில் எந்தப் பிரிவை எழுப்புவது, எதைக் காக்க விடுவது என்பது ஆடுபவரின் பொறுப்பு. அடுத்த சீட்டு எதிரிக்குப் போகலாம் என்ற அச்சத்தோடு அதைத் தெரிவு செய்வதில்தான் திறமை வெளிப்படுகிறது. காயப்பட்டவர்களைத் தோழர்கள் சுமக்க வேண்டும் என்ற விதியும் என்னைக் கவர்ந்தது, ஏனென்றால் பின்வாங்கும் படை அதனால் மெதுவாகிறது, மெதுவாகும் படைமேல் அடுத்த கறுப்புச் சீட்டு விழுகிறது. குறை என்றால், முறை வராத நேரத்தில் சும்மா இருக்க வேண்டும். நால்வர் சேர்ந்தால் தேநீர் ஆறிவிடும்.

போரைப் பார்த்த நாட்டில் போரை விளையாட்டாக்குவதா என்று நீர் கேட்பீர். நம் காலத்துச் சண்டை எதையும் இந்த மேசைமேல் வைப்பதில்லை என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டேன்; பெறாமகனும் மறுக்கவில்லை.

அதனால்தான் உம்முடைய ஊரின் பழைய போர்க்கதை ஒன்றுக்கு வருகிறேன். 1804இல் ஆங்கிலேய ஆளுநர் நோர்த்தின் ஆட்சியில் கண்டிமேல் பல திசைகளிலிருந்தும் படைகளை ஒருங்கே அனுப்பத் திட்டமிட்டு, பின்னர் அதைக் கைவிட்டார்கள் அல்லவா? மட்டக்களப்பிலிருந்த கப்டன் ஆர்தர் ஜோன்ஸ்டனோ, தமக்கு வந்த கட்டளையைப் புறப்படச் சொன்னதாகவே விளங்கிக்கொண்டு, ஏறத்தாழ 300 பேருடன் கிளம்பினார். ஒக்டோபரில் கண்டியை அடைந்தபோது வேறு எந்தப் படையும் அங்கு இல்லை. கண்டி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் ஆட்கள் காட்டு வழியெங்கும் மறைந்திருந்து சுட, அவர் திருகோணமலைவரை போராடிக்கொண்டே திரும்ப நேர்ந்தது. கட்டளை ஒருவிதமாகவும் காரியம் வேறுவிதமாகவும் நடந்த இந்தப் பயணத்தைவிடச் சீட்டு விளையாட்டுக்குப் பொருத்தமான கதை எனக்குத் தெரியவில்லை.

இதை மேசைக்குக் கொண்டுவர விதிகளைச் சற்று மாற்ற வேண்டும். அவை பிற்காலத் துப்பாக்கிகளை மனத்திற்கொண்டவை. 1804ஆம் ஆண்டின் துப்பாக்கிக்குத் தூரத்தைக் குறைக்க வேண்டும், மழை பெய்தால் வெடிமருந்து நனைந்து வேட்டுத் தவறவும் இடம் வைக்க வேண்டும். கண்டிப் படையின் கொடித்துவக்குகள் என்னும் சிறு பீரங்கிகளுக்கும் தனி விதி தேவை. முக்கியமான ஏற்பாடு இதுதான்: மற்றத் திசைப் படைகளும் வந்துசேரும் என்று ஆங்கிலப் பக்கம் ஆடுபவர் நம்ப வேண்டும், அவை வரவே மாட்டா என்பதை நடுவராகிய நான் மட்டும் அறிந்திருப்பேன்.

மட்டக்களப்பிலிருந்து கண்டிக்குப் போன பழைய வழியைப் பற்றி, ஆறுகள் குறுக்கிடும் இடங்களையும் காடு அடர்ந்த பகுதிகளையும் குறித்து, உமக்குத் தெரிந்ததை ஒரு வரைபடமாகக் கீறி அனுப்புவீரா? அடுத்த போயா விடுமுறைக்கு நீரே கொண்டுவந்தால் இன்னும் நல்லது; கறுப்புச் சீட்டு உமக்குத்தான். பெறாமகன் சிவப்பை எடுப்பதாகச் சொல்லியிருக்கிறான். ஆகையால் அவனோடு தொலைபேசியில் பேச நேர்ந்தால், ஜோன்ஸ்டனின் பெயரை மட்டும் எடுக்க வேண்டாம்.

அன்புடன்,
உமது பழைய நண்பன்