தொவாய்க்கு எந்தப் பக்கத்திலிருந்து போவது

அன்பு மகன் கதிருக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் நலம். அக்டோபரில் நாங்கள் தோக்கியோ வரும்போது, சென்ற முறை நீயும் நானும் போய்வந்த, மலைக்குள் இருக்கும் தொவாய் ரயில் நிலையத்தை அம்மாவுக்கும் காட்ட வேண்டும் என்று எழுதியிருந்தாய். அவள் கடிதத்தைப் படித்து முடித்துவிட்டு, "எத்தனை படி?" என்று ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். 486 என்றேன். "பழனிக்கே விஞ்சில் போகிறவள் நான்" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள்.

அவள் சொல்வது நியாயம்தான். நாம் போன வழியில் அவளை அழைத்துச் செல்லவே கூடாது. ஆனால் அதே நிலையத்துக்கு எதிர்ப்பக்கத்திலிருந்தும் போகலாம் என்பதும், அப்படிப் போனால் அந்தப் படிக்கட்டில் கால் வைக்கவே தேவையில்லை என்பதும் அன்று உனக்குத் தோன்றவில்லை. எனக்கும் மூச்சு வாங்கியதில் அதைச் சொல்ல நேரம் கிடைக்கவில்லை. இப்போது நிதானமாக எழுதுகிறேன்.

நம் ரயில்வேயில் அப், டவுன் என்று சொல்வதைப் போலவே அங்கும் தோக்கியோவை நோக்கி வரும் வண்டியை ஏறுவது என்றும், தோக்கியோவை விட்டுப் போகும் வண்டியை இறங்குவது என்றும் சொல்கிறார்கள். தரை மேடா பள்ளமா என்பதற்கும் அந்தப் பெயர்களுக்கும் எங்கும் தொடர்பு இருப்பதில்லை. தொவாயில் மட்டும் அது சொல்லுக்குச் சொல் பொருந்திவிட்டது. டவுன் வண்டி மலையின் வயிற்றுக்குள் நிற்கிறது. அப் வண்டி மேலே வெயிலில் நிற்கிறது. நாம் தோக்கியோவிலிருந்து தகசாகி, மினகாமி வழியாக டவுன் வண்டியில் போனதால்தான் பாதாளத்தில் போய் இறங்கினோம்.

அப்படி அமைந்ததற்குக் காரணம், இரண்டு பாதைகளும் முப்பத்தாறு ஆண்டு இடைவெளியில் போடப்பட்டவை என்பதுதான். குன்மா, நீகாட்டா என்ற இரு மாகாணங்களுக்கு நடுவே நிற்கும் மலைத்தொடரைக் குடைந்து, 9,702 மீட்டர் நீளமுள்ள ஷிமிசு சுரங்கத்தை 1931-இல் திறந்தார்கள். சுரங்கம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவுக்கு அதன் நீளம் குறையும் என்பதால், அந்தக் காலத்து வசதிக்கு ஏற்றபடி பாதையை மலையில் முடிந்தவரை மேலே ஏற்றிவிட்டு அங்கே குடைந்தார்கள். ஏற்றம் ஐம்பதுக்கு ஒன்றுக்கு மேல் போகாமல் இருக்க, இரு பக்கமும் பாதையை வட்டமாகச் சுற்ற விட்டார்கள். புகைவண்டி அவ்வளவு நீளமான சுரங்கத்தில் போனால் ஓட்டுபவர் மூச்சுத் திணறிவிடுவார் என்று அந்தப் பகுதியைத் தொடக்கத்திலேயே மின்மயமாக்கியும் விட்டார்கள். அதுவரை நாகனோ வழியாகச் சுற்றிப் போய்க்கொண்டிருந்த தோக்கியோ, நீகாட்டா பயணத்தில் ஏறக்குறைய 100 கிலோமீட்டர் குறைந்தது.

ஒற்றைப் பாதையால் போக்குவரத்தைத் தாங்க முடியாமல் போனதும், 1967-இல் டவுன் வண்டிகளுக்கென்று ஷின்ஷிமிசு என்ற புதிய சுரங்கத்தைக் குடைந்தார்கள். அதன் நீளம் 13,490 மீட்டர். இம்முறை கருவிகளும் பணமும் இருந்ததால் வட்டம் சுற்றி மேலே ஏறாமல், அடிவாரத்திலேயே நுழைந்து நேராகப் போய்விட்டார்கள். ஆனால் தொவாய் நிலையம் பழைய உயரத்தில் இருந்தது. புதிய பாதை அதற்கு ஏறத்தாழ 70 மீட்டர் கீழே போயிற்று. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தை அந்தக் குழிக்குள் இறக்கினாலும் கலசம் வெளியே தெரியாது. வண்டிக்கு ஏற்றம் குறைய வேண்டும் என்று பார்த்துப் பார்த்துப் பாதையைத் தாழ்த்திய பொறியாளர்கள், அந்த ஏற்றம் முழுவதையும் பயணிகளின் காலில் கட்டிவிட்டார்கள். தண்டவாளப் பராமரிப்பில் முப்பத்துநான்கு ஆண்டு இருந்தவன் என்பதால் அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

அந்தப் படிக்கட்டு உனக்கு நினைவிருக்கும். நேர்க்கோடாக 462 படிகள், ஐந்தைந்து படிக்கு ஒரு சிறு தளம், ஓரமாக ஓடும் ஊற்றுநீர், கோடையிலும் உடம்பைச் சிலிர்க்க வைக்கும் ஈரக் காற்று. பக்கத்தில் நகரும் படிக்கட்டு வைப்பதற்கு என்று விட்டதாகச் சொல்லப்படும் இடம் இன்றும் காலியாகவே கிடக்கிறது. மேலே வந்துவிட்டோம் என்று நாம் மகிழ்ந்த பிறகு, யுபிசோ ஆற்றையும் சாலையையும் கடக்கும் 143 மீட்டர் நடைபாதையும், அதன் முடிவில் இன்னும் 24 படிகளும் காத்திருந்தன. எனக்குக் கோபம் வந்தது அந்த 24 படிகளின் மேல்தான். நிலையத்தில் பணியாளர்கள் இருந்த காலத்தில், டவுன் வண்டி புறப்படுவதற்குப் பத்து நிமிடம் முன்பே சீட்டுப் பரிசோதிக்கும் வாயிலை அடைத்துவிடுவார்களாம். அதற்குப் பிறகு உள்ளே விட்டால், பயணி பாதிப் படியில் நிற்கும்போது வண்டி போய்விடும்.

அந்த நிலையத்தை அன்று நிரப்பியவர்கள் தனிகாவா மலைக்குப் போகிறவர்கள். அதன் உயரம் 1,977 மீட்டர்தான் என்றாலும், கிழக்கு முகம் செங்குத்துப் பாறை, வானிலையும் நொடியில் மாறும். 1931-இல் ரயில் வந்து மலையை எளிதில் எட்டும்படி செய்த பிறகு அங்கே உயிரிழந்தவர்கள் 800-க்கும் மேல். 1982-இல் ஜோயெட்சு ஷின்கான்சென் என்ற அதிவேக ரயில் பாதை வந்ததும் விரைவு வண்டிகள் எல்லாம் அதன் பக்கம் போய்விட்டன. 1985-இலிருந்து தொவாயில் பணியாளர் இல்லை. இப்போது ஒரு நாளைக்கு ஒவ்வொரு திசையிலும் ஐந்தாறு உள்ளூர் வண்டிகள்தான் நிற்கின்றன. ஒன்றை விட்டால் அடுத்ததற்குப் பல மணி நேரம் காத்திருக்க வேண்டும். இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போல அந்தப் படிக்கட்டைப் பார்க்க வந்தவர்கள். அகழெலி நிலையம் என்று அதற்குச் செல்லப்பெயரும் வைத்திருக்கிறார்கள்.

ஆகவே நீ செய்ய வேண்டியது இதுதான். காலையில் ஷின்கான்சென்னில் மலைக்கு அந்தப் பக்கம், நீகாட்டாவில் உள்ள எச்சிகோ யுசாவாவுக்கு வந்துவிடுவோம். அந்தப் பயணம் ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடக்குறைய இருக்கும். அங்கே மினகாமி செல்லும் உள்ளூர் வண்டியைப் பிடித்தால் அது அப் வண்டி. எச்சிகோ நகசாதோவைத் தாண்டியதும் முதல் வட்டப் பாதையில் ஏறி, பழைய ஷிமிசு சுரங்கத்தைக் கடந்து, தொவாயில் மேல்தரை மேடையிலேயே நிற்கும். நிலையக் கட்டடம் பக்கத்தில்தான். பழைய அலுவலக அறையில் இப்போது காப்பிக் கடை இருக்கிறதே, அது திறந்திருக்கும் நாளாகப் பார்த்துக்கொள். அம்மா அங்கே உட்கார்ந்துகொள்ளலாம். நிலைய வாசலில் நிற்கும் பேருந்தில் ஏறினால் கம்பிவட ஊர்தி நிலையத்துக்குப் போய், அங்கிருந்து மலைச்சரிவில் உள்ள தென்ஜின்தைராவரை நடக்காமலே மேலே ஏறிவிடலாம். இலைகள் சிவந்திருக்கும் காலம் என்பதால் கூட்டம் இருக்கும், முன்கூட்டிப் புறப்படு.

திரும்பும்போதும் அப் வண்டியிலேயே மினகாமிக்கு இறங்குவோம். அம்மாவைச் சன்னலோரம் உட்கார வை. சிறிது தூரத்தில் யுபிசோ நிலையம் பள்ளத்தில் தெரியும்; வண்டி மலைக்குள் ஒரு வட்டம் சுற்றிவந்து அதே நிலையத்தில் நிற்கும். சற்றுமுன் மேலிருந்து பார்த்த இடத்தில் நாமே நிற்பது எப்படி என்று அவள் கட்டாயம் கேட்பாள். நீ விளக்க வேண்டாம், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். புறப்படும் வாரத்தில் மறுபடி கால அட்டவணையைச் சரிபார். இரண்டு அப் வண்டிகளுக்கு நடுவே எத்தனை மணி நேரம் கிடைக்கிறது என்பதை எனக்கு எழுது.

அதற்கு ஒரு காரணம் உண்டு. கீழே உள்ள மேடை, முன்பு வண்டிகள் ஒதுங்கி நின்ற பக்கப் பாதையின் மேலேயே பிற்பாடு கட்டப்பட்டது. அந்தப் பழைய பாதையின் மிச்சத்தை அன்று நான் சரியாகப் பார்க்கவில்லை. நீங்கள் இருவரும் காப்பி குடித்துக்கொண்டிருங்கள். நான் ஒரு டார்ச்சு விளக்குடன் கீழே இறங்கிவிட்டு வருகிறேன். இதை அம்மாவிடம் இப்போதே சொல்லிவிடாதே.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அப்பா