பட்ட மரத்தை நம்பாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம். 20 வருடமாக வீட்டுக்கான விறகை நானே வெட்டிக்கொள்கிறேன். பட்ட மரம்தானே, சுலபமாக விழுந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பச்சை மரத்தைவிட அதுதான் ஏமாற்றும்.

போன மாதம் அப்படி ஒரு மரத்தைக் கோடரியின் பின்பக்கத்தால் தட்டிப் பார்த்தேன். காலிப் பானையைத் தட்டியதுபோல் சத்தம். அடியில் காளான் வேறு பூத்திருந்தது. உள்ளே உளுத்துவிட்டது, வேண்டாம் என்று திரும்பி நாலு எட்டு வைத்திருப்பேன். தொடை பருமனில் ஒரு காய்ந்த கிளை, நான் நின்ற இடத்திலேயே வந்து விழுந்தது. தலைக்கவசம் போட்டிருந்தேன். அந்தக் கனத்தை அது தாங்கியிருக்காது.

மரம் சாயும்போது அதைப் பிடித்துத் திசை காட்டுவது, முன்வெட்டுக்கும் (விழ வேண்டிய பக்கம் போடும் வெட்டு) பின்வெட்டுக்கும் (அதற்கு எதிர்ப்பக்க வெட்டு) நடுவே அறுக்காமல் விடுகிற மரப்பகுதிதான். மரத்தின் குறுக்களவில் பத்தில் ஒரு பங்கு தடிமனாவது அது இருக்க வேண்டும். உளுத்த மரத்தில் அந்தப் பிடிமானம் கிடையாது. மரம் தன் இஷ்டத்துக்கு விழும். ஆப்பு அடித்தால் அதிர்விலேயே உச்சி முறிந்து தலையில் விழலாம்.

அப்புறம், பக்கத்து மரத்தில் தொக்கி நிற்கும் மரத்துக்கு அடியில் யாரும் போகவே கூடாது. விழும் திசைக்கு எதிர்ப்பக்கம், சாய்வாக விலகி ஓட ஒரு வழியை வெட்டும் முன்பே சுத்தம் செய்து வையுங்கள். மற்றவர்கள் மரத்தின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தூரம் தள்ளி நிற்கட்டும்.

அந்த மரத்தை வெட்டத் தொழில் தெரிந்தவரிடம் சொல்லியிருக்கிறேன். இந்த வெட்டு முறையைப் படம் போட்டு விளக்கி நாளிதழில் ஒரு கட்டுரை வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
விறகு வெட்டும் ஒரு வாசகர்